சமையல் வகுப்பில் சமவாய்ப்புப் பாடம்

“படிக்கிற பிள்ளைக்குச் சமையல் வகுப்பு எதற்கு?” பிள்ளை உயர்நிலை ஒன்றில் சேர்ந்ததும் பல இந்தியக் குடும்பங்களில் எழும் கேள்வி இது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால், சிங்கப்பூர்ப் பள்ளிகளின் சமையலறையில் இன்று யார் யார் அருகருகே நிற்கிறார்கள் என்று பார்த்தால் விடை வேறு.

1979இல் டாக்டர் கோ கெங் சுவீ குழுவின் அறிக்கை வெளிவந்த பிறகு, மாணவர்கள் திறனுக்கேற்பத் தரம் பிரிக்கப்பட்டனர். தேர்வில் தவறிப் பாதியிலேயே பள்ளியை விட்டு விலகியவர்களைத் தக்கவைப்பதே நோக்கம். அது பெருமளவு நிறைவேறியது. ஆனால் ‘விரைவுநிலை’, ‘வழக்கநிலை’ என்று பன்னிரண்டு வயதில் ஒட்டிய முத்திரை எளிதில் போகவில்லை. ஒரே பள்ளியில் படித்தாலும் இரு தரப்பும் நெருங்கிப் பழக வாய்ப்புகள் குறைவாகவே இருந்தன.

இந்த முறைக்கு முடிவு கட்டப்படும் என்று 2019 மார்ச்சில் அப்போதைய கல்வி அமைச்சர் ஓங் யி காங் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பிரிவுகள் இல்லை. கணிதம், ஆங்கிலம் போன்ற பாடங்களை ஜி1, ஜி2, ஜி3 என அவரவர் திறனுக்கேற்ற நிலையில் படிக்கலாம். கலை, இசை, உடற்கல்வி, குணநலன் குடியியல் கல்வி, உணவு பயனீட்டாளர் கல்வி ஆகியவற்றை எல்லாரும் ஒரே வகுப்பில் கற்கிறார்கள். பாட நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிச் சேர்ந்து கழிகிறது.

எல்லாருக்கும் ஒரே அளவு கொடுப்பது சமம். யாருக்கு எது குறைகிறதோ அதைக் கொடுப்பது நியாயம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டம் பாடநூலும் சீருடையும் தருவது இந்த அடிப்படையில்தான். 1991இல் தொடங்கப்பட்ட சிண்டாவின் துணைப்பாட வகுப்புகளும் அப்படியே.

வகுப்பறையிலும் இதே கணக்குத்தான். “பத்து வெள்ளிக்குள் நால்வருக்குச் சத்தான உணவு தயாரியுங்கள்” என்கிறார் ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். பாட்டியோடு தேக்கா சந்தைக்குப் போய்ப் பழகிய பிள்ளைக்குக் காய்கறி விலை தெரியும். பணிப்பெண் சமைக்கும் வீட்டுப் பிள்ளைக்குக் கத்தி பிடிக்கவே தெரியாமல் இருக்கலாம். பெற்றோர் இருவரும் ஷிப்ட் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை தம்பி தங்கைக்குத் தினமும் சமைத்துப் பழகியிருக்கலாம். கணிதத்தில் பின்தங்கிய மாணவர் இங்கே மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். முத்திரை கழன்று விழுவது அந்த இடத்தில்தான்.

சமையல் பெண்பிள்ளைக்கு மட்டும் என்ற எண்ணமும் இங்கே உடைகிறது. ஒரு காலத்தில் மனையியல் மாணவிகளுக்கு உரியதாகவே இருந்தது. இன்று மாணவர்களும் வெங்காயம் நறுக்குகிறார்கள், பொட்டலத்தில் உள்ள சர்க்கரை அளவைப் படிக்கிறார்கள், செலவைக் கணக்கிடுகிறார்கள். நாளை தனியாக வாழ நேர்ந்தாலும் குடும்பம் நடத்தினாலும் இவை கைகொடுக்கும்.

பள்ளி கற்றுக்கொடுப்பதை வீடு கலைத்துவிடக் கூடாது. “அவனோடு ஏன் சேருகிறாய், அவன் ஜி1 தானே?” என்று கேட்டால் பழைய முத்திரை புதுப்பெயரில் திரும்பிவரும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போகும்போது இருபது வெள்ளியைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பட்டியல் போடச் சொல்லலாம். மகளிடம் மட்டுமல்ல, மகனிடமும்.