விருந்தினரும் எரிமலையும்

தமிழ் பயில்வோர்க்குச் சாவகம் புதிய பெயரன்று. மணிமேகலை கூறும் சாவக நாட்டை இன்றைய இந்தோனேசியாவைச் சார்ந்த ஜாவாத் தீவு என்று அறிஞர் பலர் கொள்வர். அத்தீவின் மேற்கே உள்ள பாண்டுங் நகரில் வாழ்வோர், தம்மைக் காண வரும் நண்பர்களை ஒரு பகற்பொழுதில் அழைத்துச் சென்று திரும்பும் இடங்களுள் ஒன்று தங்குபான் பராகு எரிமலை. நகருக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், 2,084 மீட்டர் உயரத்தில் அது நிற்கிறது. எரிமலைவாயின் விளிம்பருகே வரை சாலை செல்வதால் முதியோரும் சிறுவரும் எளிதில் அடையலாம்.

அப்பெயருக்குச் சுந்தா மொழியில் 'கவிழ்ந்த படகு' என்பது பொருள். தாயென அறியாது தன் தாயையே மணக்க விழைந்தான் சங்குரியாங். உண்மை உணர்ந்த அவள், ஒரே இரவில் ஏரியும் படகும் அமைக்கப் பணித்தாள். பணி முடியுமுன் பொழுது விடிந்ததுபோல் தோன்றச் செய்தாள். சினந்த அவன் உதைத்துக் கவிழ்த்த படகே மலையாயிற்று என்பது தொன்மம். பாண்டுங் சமவெளி முன்னாளில் ஏரியாக இருந்ததென நிலவியலாரும் கூறுவதை இங்கு நாம் எண்ணிப் பார்க்கலாம்.

விளிம்பில் நின்று 'அரசி' எனப் பெயர் பெற்ற பெருவாயை நோக்கினால், சாம்பல் நிறப் பள்ளமும் வெண்புகையும் தோன்றும். கந்தக நெடி வீசும். நிலத்தடியில் இறங்கும் மழைநீர், ஆழத்து வெப்பத்தால் ஆவியாகி, கந்தக வளிகளுடன் மேலெழுவதே இதற்குக் காரணம். 'தோமாஸ்' என்னும் மற்றொரு வாயின் வெந்நீர் ஊற்றுகளில் வருவோர் முட்டை அவித்து உண்பதுண்டு.

ஆயினும் அதே நீராவிதான் இடரும் ஆகிறது. வெளியேற வழியின்றி அழுத்தம் மிகும்போது அது வெடிக்கும். தீக்குழம்பு மேலே வர வேண்டுவதில்லை. முன்குறியும் பெரும்பாலும் புலப்படுவதில்லை. 26.7.2019 அன்று பிற்பகலில் இம்மலை வெடித்துச் சாம்பல் ஏறத்தாழ 200 மீட்டர் உயரம் எழுந்தது. அங்கிருந்த பயணிகள் வெளியேற்றப்பட்டனர். அவ்வாண்டு திசம்பர் 9ஆம் நாள் நியூசிலாந்தின் வாகாரித் தீவு எரிமலை வெடித்தபோது அங்கிருந்தோர் 47 பேர். உயிரிழந்தோர் 22 பேர். எச்சரிக்கை நிலை முந்திய மாதமே உயர்த்தப்பட்டிருந்தும் சுற்றுலா நிறுத்தப்படவில்லை.

எனவே விருந்தினரை அழைத்துச் செல்லும் நாம் முதலில் அறிய வேண்டுவது வழியன்று, மலையின் நிலை. இந்தோனேசியாவில் எச்சரிக்கை நான்கு படிகளாக அறிவிக்கப்படுகிறது. அதனை அறிவிக்கும் எரிமலை ஆய்வு நடுவமும் பாண்டுங் நகரிலேயே உள்ளது. முதற்படியைக் கடந்திருப்பின் பயணத்தைத் தள்ளி வைத்தல் வேண்டும். முதற்படியிலும் வேலியைக் கடத்தல் ஆகாது. பள்ளமான இடங்களில் தங்குதலும் ஆகாது. காற்றினும் கனமான நச்சுவளிகள் அங்கே தேங்கும். அவற்றுள் ஒன்று, மிகுமிடத்து மூக்கின் உணர்வையே மரக்கச் செய்யும். நெடி இல்லை என்று நம்பியிருத்தல் பேதைமை.

நெடுந்தொலைவு வந்த நண்பரிடம் "இன்று வேண்டா" என்று கூற நாம் தயங்குவது இயல்பே. ஆனால் ஊரின் இயல்பை அவர் அறியார். நம்மை நம்பியே உடன் வருகிறார். அவர் காணாது திரும்பிய மலையை மற்றொரு முறை வந்து காணலாம். இவ்வுண்மையை உணர்ந்து, வேண்டும்போது மறுத்துரைப்பதும் விருந்தோம்பலின் ஒரு கூறே ஆகும்.