விமானத்தின் இறக்கையும் காரின் கதவும்

தாழ்வாக இறக்கை பொருத்திய பயணிகள் விமானத்தை நேர் முன்னிருந்து பாருங்கள். இறக்கைகள் நுனியை நோக்கிச் சற்றே உயர்ந்திருக்கும். அழகுக்காக அன்று. காற்று மோதி விமானம் ஒரு புறம் சாய்ந்தால், தாழ்ந்த பக்கமாகச் சறுக்கத் தொடங்கும். அப்போது எதிர்க்காற்று தாழ்ந்த இறக்கையின் அடியில் கூடுதல் கோணத்தில் படுகிறது. அங்கே தூக்குவிசை மிகும், மறுபுறம் குறையும். விமானம் தானே நிமிர முயலும். (தாழ்ந்த இறக்கையின் கிடைப்பரப்பு கூடுவதே காரணம் என்னும் விளக்கத்தை மாணவர்கள் நம்ப வேண்டாம். சறுக்கல் இல்லையேல் நிமிர்தலும் இல்லை.)

1954-இல் வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல். காரின் கதவுகளும் கடற்காகத்தின் சிறகுபோல மேலெழும். ஆனால் இங்கே காற்றுக்கு வேலையே இல்லை. எடை குறைய, மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணங்களாகப் பற்றவைத்துச் சட்டம் அமைத்தார்கள். வலிமைக்காக அது இருபுறமும் உயர்ந்து நின்றது. வழக்கமான கதவு வைக்கக் குழாய்களை வெட்டினால் சட்டம் பலமிழக்கும். ஆகவே கீல்கள் கூரைக்குப் போயின. கார் தலைகீழாகக் கவிழ்ந்தாலோ கதவைத் திறக்க வழியில்லை! 1957-இல் வந்த திறந்த கார் வகையில் கீலுக்குக் கூரையே இல்லை. பக்கச் சட்டத்தைத் தாழ்த்தி, சாதாரணக் கதவுகளையே மாட்டினார்கள்.