வேலியோரத்தில் ஒரு நந்தவனம்

இறைவன் திருவடியில் இடும் மலர், தம் கையால் நட்டு நீர் வார்த்த செடியில் பூத்ததாக இருத்தல் சாலச் சிறந்தது என்பது ஆன்றோர் கொள்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்து வடபத்ரசாயிக்கு மாலை தொடுத்தளித்தவர் பெரியாழ்வார். அந்நந்தவனத்துத் துளசியின் அடியிலேயே அவர் ஆண்டாளைக் கண்டெடுத்தார் என்பது வைணவ மரபு. திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார், வைகறையில் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலர்களையும் கொய்து மாலையாக்கிச் சிவபெருமானுக்குச் சாத்திய திறத்தைப் பெரியபுராணம் விரித்துரைக்கின்றது. கோயில் மலர்த்தோட்டத்திற்கென விடப்பட்ட நிலங்களைச் சோழர் காலக் கல்வெட்டுகள் 'திருநந்தவனப்புறம்' எனக் குறிக்கின்றன.

இக்காலத்தில் தனியே ஒரு நந்தவனம் அமைக்கும் அளவுக்கு மனைநிலம் பலருக்கு வாய்ப்பதில்லை. எனினும் வீட்டின் முன்புறத்தில், தெருவை ஒட்டிய வேலி அல்லது சுற்றுச்சுவரின் உட்புறமாக, மூன்றடி அகலமுள்ள ஒரு பாத்திக்குப் பெரும்பாலும் இடம் இருக்கும். இருபதடி நீளமுள்ள பாத்தியில் இரண்டடிக்கு ஒன்றாகப் பத்துச் செடிகள் நடலாம். நாள்தோறும் வீட்டுப் பூசைக்கு வேண்டிய மலர்களுக்கு அவை போதும். எந்தச் செடியை நடுவது, எதனை விலக்குவது என்பதே ஆராய்ந்து முடிவு செய்யத்தக்கது.

தேர்வுக்குரிய நெறிகள்

முதலாவது, உயரம். வேலியோரச் செடி இடுப்பளவில் நிற்பதே நன்று. அதற்கு மேல் ஓங்கினால் வருவோர் முகம் தெரியாது. வீட்டுக்குள் வரும் காற்றும் வெளிச்சமும் தடைப்படும். அடியில் புதர் மண்டினால் பாம்பும் தேளும் தங்க இடமாகும்.

இரண்டாவது, வெயில். முன்புறத்தில் நாள்தோறும் எத்தனை நாழிகை வெயில் விழுகின்றது என்பதை ஓரிரு நாள் கூர்ந்து நோக்குக. பத்து நாழிகைக்கு மேல் வெயில் விழும் இடத்திற்கு உரிய செடிகள் வேறு. மரநிழலோ அடுத்த வீட்டு மாடியின் நிழலோ படியும் இடத்திற்கு உரியவை வேறு.

மூன்றாவது, தூய்மை. குளியலறைக் கழிவுநீரும் சாக்கடை நீரும் பாயும் இடம் பூசைமலர்ச் செடிகளுக்கு ஆகாது.

நான்காவது, தீங்கின்மை. வேலியோரத்தில் நிற்கும் செடி வீட்டாருக்கு மட்டும் உரியதன்று. தெருவில் விளையாடும் குழந்தையின் கை அதில் படும். வழியே செல்லும் பசுவும் ஆடும் அதில் வாய் வைக்கும். ஆதலின், மற்ற மூன்றினும் இந்நெறியே தலையாயது.

நடத்தக்க செடிகள்

நந்தியாவட்டை: வெண்ணிற மலர், ஒற்றை, அடுக்கு என இருவகை உண்டு. ஆண்டின் பெரும்பகுதியும் பூக்கும். அரைநிழலிலும் வளரும் ஆதலால் நிழல் விழும் முன்புறத்திற்கு இதனினும் ஏற்றது அரிது. விட்டுவிட்டால் ஆளுயரத்திற்கு மேல் வளரும். ஆண்டுக்கு இருமுறை கத்தரித்தால் மூன்றடியில் அடங்கும். கிளையை ஒடித்தால் பால் வடியும். அது கண்ணில் படாமல் காத்து, பின்னர்க் கைகளைக் கழுவுதல் வேண்டும்.

வெட்சி: இட்லிப்பூ என மக்கள் வழங்குவது இதுவே. பண்டைத் தமிழர் ஆநிரை கவரச் செல்லும்போது சூடிய மலர், முருகப்பெருமானுக்கும் உகந்தது. நல்ல வெயிலை விரும்பும். குட்டை வகையைக் கேட்டு வாங்கினால் இரண்டு மூன்றடியிலேயே நிற்கும். உப்பு மிகுந்த நீரிலும் சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் இலைகள் மஞ்சளாகும். புதுச்சுவர் கட்டிய சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த மண்ணை அகற்றி, செம்மண் இட்டு நடுதல் இதற்கு இன்றியமையாதது. கிளை நுனியில் கொத்தாகப் பூப்பதால் அடிக்கடி கத்தரித்தால் மலர் கிட்டாது. ஒரு பூப்பு முடிந்த பின்னரே கத்தரித்தல் வேண்டும்.

செம்பருத்தி: விநாயகருக்கும் அம்மனுக்கும் உரிய செந்நிற மலர். ஒரு மலர் ஒரு நாளே நிற்கும். ஆயினும் நாளும் புதிது பூக்கும். புதுத் தளிரில் அரும்பு விடும் ஆதலால் கத்தரிக்கக் கத்தரிக்கப் பூ மிகும். மாவுப்பூச்சி பற்றினால் நீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கழுவுக. அதற்கும் அடங்காவிடில் ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

கனகாம்பரம்: மணமில்லை எனினும் மாலைக்கு வண்ணம் தருவது. ஈரடி உயரமே வளரும், அரைநிழலிலும் பூக்கும். முற்றிய காய் நீர் பட்டவுடன் வெடித்து விதைகளைச் சிதறும் என்பதால் ஒரு செடி வைத்தால் அதன் அருகே நாற்றுகள் தாமே முளைக்கும்.

நொச்சி: வேலிக்கென்றே அமைந்தது போன்ற செடி. கோட்டை மதிலைக் காத்து நின்ற மறவர் சூடியது நொச்சி. ஆநிரை கவரும் வெட்சியும் அரண் காக்கும் நொச்சியும் இன்று ஒரே வேலியில் அருகருகே நிற்பது தமிழறிந்தார்க்கு இனிய காட்சி. இதன் மணத்தால் கால்நடைகள் பெரும்பாலும் இதனைத் தின்பதில்லை. சளிக்கு ஆவி பிடிக்க இலை உதவும். வெட்டாது விட்டால் சிறு மரமாகிவிடும். ஆகவே அகன்ற மனையுள்ள ஊர்ப்புறங்களுக்கே இது பொருந்தும்.

துளசியை வேலியோரத்தில் நடாமல், முற்றத்து மாடத்தில் தனியே வைப்பதே முறை. தெருப்புழுதியும் நாய்களும் அணுகும் இடம் அதற்கு உகந்ததன்று.

அரளி பற்றிய எச்சரிக்கை

அரளியின் பழம்பெயர்களுள் ஒன்று கணவீரம். முருகப்பெருமான் வழிபாட்டில் கணவீர மாலை இடம்பெறுவதைத் திருமுருகாற்றுப்படை கூறுகின்றது. சிவபூசையிலும் செவ்வரளிக்குத் தனியிடம் உண்டு. நீரின்றியும் தழைத்துக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் ஆதலால் பலரும் அதனை வேலியில் நட விழைகின்றனர். ஆயினும் இலை, பூ, பட்டை, வேர், விதை என அரளியின் எவ்வுறுப்பும் நஞ்சு. அது இதயத்தைத் தாக்கும் தன்மையது. காய்ந்த சருகிலும் அந்நஞ்சு நீங்குவதில்லை. பொன்னரளி எனப்படும் மஞ்சள் மலர்ச் செடியும் அத்தகையதே; அதன் விதை மிகக் கொடியது.

2024 ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளத்துத் திருவிதாங்கூர் தேவசம் வாரியம், நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்ப்பதை விலக்கியது. அரளி நஞ்சு பற்றிய அச்சம் மக்களிடையே எழுந்ததே அதற்குக் காரணம். இறைவனுக்கு உகந்த மலரை இகழ்தல் இதன் நோக்கமன்று. மாலையாகச் சாத்தத்தக்க மலர் வேறு, மனிதர் வாயில் படத்தக்க பொருள் வேறு என்னும் தெளிவே இதன் பயன்.

எனவே குழந்தைகளும் கால்நடைகளும் உள்ள இடத்தில், வேலியோரத்தில் அரளி நடுதல் தவிர்க்கத்தக்கது. செந்நிற மலர் வேண்டுவோர்க்கு வெட்சியும் செம்பருத்தியும் உள்ளன. முன்பே அரளி வைத்திருப்போர், கழித்த கிளைகளைத் தெருவில் எறிதலும், ஆடுமாடுகளுக்கு இடுதலும், அடுப்பில் எரித்தலும் ஆகா. அதன் புகையும் தீங்கு தரும். அரளி மாலையைத் திருநீறு, தீர்த்தம், பிரசாதம் வைக்கும் தட்டில் இடுதல் கூடாது. பூவைத் தொட்ட கையைக் கழுவாமல் உண்ணுதலும் கூடாது. எவரேனும் அறியாமல் தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்த்துக் காலம் தாழ்த்தாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க.

உண்ணிச்செடியும் விலக்கத்தக்கதே. பல வண்ணப் பூங்கொத்துக்காக அயல்நாட்டிலிருந்து கொணரப்பட்ட அது, இன்று காடுகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் பரவி உள்நாட்டுச் செடிகளை நெருக்குகின்றது. அதன் இலையைத் தின்னும் கால்நடைகள் நோயுறும்.

நடுதலும் பேணுதலும்

ஆடி, ஆவணி மாதங்களில் நட்டால், ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன் வேர் பிடித்துக்கொள்ளும். ஓரடி நீளமும் அகலமும் ஆழமும் உள்ள குழி தோண்டி, செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்து இடுக. சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நடுதல், செடிக்கும் சுவருக்கும் நன்று. முதல் ஒரு மாதம் மழையில்லா நாள்களில் தவறாது நீர் வார்க்க வேண்டும். நீர் தேங்கவும் விடலாகாது. நந்தியாவட்டை, வெட்சி, செம்பருத்தி ஆகியவை கிளைப்பதியனால் வளர்வன. உறவினர் வீட்டுச் செடியிலிருந்து ஒரு போத்தை வாங்கி நட்டாலே போதும்.

பூசைக்குரிய செடிகளின் மீது கடும் பூச்சிமருந்து தெளித்தலைத் தவிர்த்திடுக. காலையில் நீராடியபின், வாடாத, முகராத, தரையில் விழாத மலர்களைக் கொய்க. செடியில் உள்ள அனைத்தையும் பறித்துவிடாமல், தேனீக்கும் வண்டுக்கும் சில மலர்களை விட்டுவைத்தல் அறம்.

வேலி என்பது நம் உடைமையைப் பிறரிடமிருந்து காப்பது என்று கருதுகின்றோம். பிறருடைய குழந்தையையும் பிறருடைய பசுவையும் காக்கும் வண்ணம் வேலி அமைப்பவரே இறைவனுக்கு உண்மையான மலரிடுபவர். இல்லந்தோறும் அத்தகைய நந்தவனம் தழைத்திட இறைவன் திருவருள் துணைநிற்பதாகுக.