மூன்று மில்லிமீட்டர் கோணல்

காரின் முன்சக்கரங்கள் இரண்டும் லேசாக உள்பக்கம் திரும்பி நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முன்புறம் இரண்டு டயர்களுக்கும் நடுவே உள்ள தூரம், பின்புறம் உள்ளதைவிட 3 மில்லிமீட்டர் குறைவு. கண்ணுக்கு இது தெரியாது. ஆனால் சிறிய காரின் டயர் குறுக்களவே ஏறக்குறைய 60 செ.மீ. தான். அந்த அளவுக்குக் கணக்குப் போட்டால், ஒவ்வொரு சக்கரமும் கிலோமீட்டருக்கு இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் போகப் பார்க்கிறது. எதிர்ச்சக்கரமும் அதே அளவு எதிர்ப்பக்கம் போகப் பார்ப்பதால் கார் நேராகத்தான் ஓடும். நஷ்டம் ரப்பருக்கு. சென்னையிலிருந்து மதுரை போய்ச் சேர்வதற்குள் டயரைத் தார்ச்சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் குறுக்காக இழுத்துக்கொண்டு போன கணக்கு.

இந்தக் கோணலுக்கு மெக்கானிக்குகள் சொல்லும் பெயர் 'டோ'. வீல் அலைன்மென்ட் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் மூன்று கோணங்கள் இருக்கின்றன. மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே திரும்பியிருக்கிறதா, வெளியே திரும்பியிருக்கிறதா என்பது டோ. முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது கேம்பர். சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ, அந்த அச்சு முன்பின்னாக எவ்வளவு சரிந்திருக்கிறது என்பது கேஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் செங்குத்தாக இல்லாமல் சரிவாக இருப்பதும், ஸ்டியரிங்கை விட்டால் தானே நேருக்கு வருவதும் இந்தக் கேஸ்டரால்தான்.

மூன்றில் வீட்டு வாசலில் வைத்து உருப்படியாக அளந்து திருத்தக்கூடியது டோ ஒன்றுதான். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, டயரைச் சீக்கிரம் தின்பதும் பெரும்பாலும் அதுவே. நம் ஊர்ச் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் இருப்பது மக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வடிவமைத்து, 1950இல் ஃபோர்டின் கான்சல், செஃபிர் கார்களில் பரவலாக வந்தது. உதிரிபாகங்கள் குறைவு, இடமும் மிச்சம். ஆனால் இந்த அமைப்புள்ள பல கார்களில் கேம்பர், கேஸ்டர் இரண்டுக்கும் கம்பெனியே திருகு வைப்பதில்லை. அவை மாறியிருந்தால் பள்ளத்தில் விழுந்து பாட்டம் ஆர்மோ ஸ்ட்ரட்டோ வளைந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே வேலை பாகத்தை மாற்றுவதுதான்.

அளப்பதற்கு முன் கையால் ஒரு சோதனை. டயரின் மேல்பரப்பில் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் போகும்போது வழவழவென்றும், திரும்பும்போது ரம்பப் பல்லாகவும் பட்டால் டோ தப்பியிருக்கிறது. ஒரு தோள் மட்டும் வழுக்கையாகி மறுதோள் புதிதாக இருந்தால் கேம்பரையும் சந்தேகிக்க வேண்டும். இரண்டு தோளும் சேர்ந்து தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டைத் திட்ட வேண்டாம், காற்று குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள்.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றாலே அலைன்மென்ட் என்று முடிவு கட்டுவது வழக்கம். எனக்கு இதில் உடன்பாடில்லை. முன்சக்கர டோ எவ்வளவு தப்பினாலும் இரண்டு பக்கமும் பங்கு போட்டுக்கொள்ளும். ஸ்டியரிங் கோணலாக நிற்கலாம், வண்டி இழுக்காது. இழுப்புக்குக் காரணம் பெரும்பாலும் காற்று வித்தியாசம், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், டயரின் உள்கட்டமைப்பில் உள்ள கோளாறு, அல்லது இரண்டு பக்கக் கேம்பரும் கேஸ்டரும் ஒத்துப்போகாதது. முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள் (ஒரே திசையில் மட்டும் ஓட வேண்டிய டயர் என்றால் கூடாது). இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர். இன்னொன்று: மழைநீர் வடிய நம் சாலைகள் இடது ஓரத்துக்குச் சரிந்திருக்கும். இடப்பக்கம் லேசாகப் போவது சாலையின் குணம்.

இனி அளவு. தேவையானவை கொத்தனார் வைத்திருக்கும் சாமான்கள்தான்: தூக்குகுண்டு, டேப், சாக்பீஸ், ஓர் ஆணி. தரை சமமாக இருக்க வேண்டும். நீர் நிரப்பிய டியூப் மட்டத்தால் சரிபார்க்கலாம். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். முதலில் ஜாக்கி வைத்து, ஸ்டாண்டு கொடுத்து, ஆட்டம் பாருங்கள். சக்கரத்தை இட வலமாகப் பிடித்து ஆட்டினால் லொடலொடத்தால் டை ராட் எண்ட் போயிருக்கலாம். மேலும் கீழுமாக ஆட்டும்போது ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங். ஆட்டம் இருக்கும்போது எடுக்கும் எந்த அளவும் அடுத்த பள்ளம் வரைக்கும்தான் செல்லும்.

அடுத்து, தூக்கியபடியே சக்கரத்தைச் சுழற்றி, டயரின் நடுவில் சாக்பீஸ் பட்டை பூசுங்கள். ஆணியை அசையாமல் ஒரு கட்டையில் ஊன்றி, சுழலும் டயரில் தொட்டால் மெல்லிய கோடு விழும். இரண்டு முன்சக்கரத்துக்கும் இப்படியே. வண்டியை இறக்கி, முன்பக்கத்தை நன்றாக அமுக்கி விட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்து, சில மீட்டர் முன்னால் தள்ளுங்கள். ஜாக்கியில் தொங்கிய சக்கரம் தன் இடத்துக்கு வந்து அமர இது அவசியம்.

இப்போது டயரின் முன்பக்கம், அச்சின் உயரத்தில், கோட்டின் மேல் ஒரு புள்ளி வையுங்கள். டயர் அங்கேதான் அதிகம் முன்தள்ளி இருக்கும் என்பதால் தூக்குகுண்டு எதிலும் இடிக்காமல் தொங்கும். குண்டின் முனை தொடும் இடத்தைத் தரையில் குறியுங்கள், இரு பக்கமும். பிறகு வண்டியை முன்னோக்கியே தள்ளி, சக்கரம் அரைச்சுற்று சுற்றி அதே புள்ளி பின்பக்கம் அச்சு உயரத்துக்கு வந்ததும் நிறுத்தி மறுபடி குறியுங்கள். பின்னோக்கித் தள்ளக் கூடாது, மூட்டுகளில் உள்ள தளர்வு எதிர்ப்பக்கம் போய் அளவு மாறிவிடும். வண்டியை நகர்த்திவிட்டு இரண்டு ஜோடிக் குறிகளின் தூரத்தையும் அளந்தால், வித்தியாசம்தான் மொத்த டோ. முன்ஜோடி குறுகலாக இருந்தால் டோ இன், அகலமாக இருந்தால் டோ அவுட். இரண்டு முறையும் அதே புள்ளியை அளப்பதில்தான் சூட்சுமம்: ரிம் லேசாக நெளிந்திருந்தாலும் அந்தப் பிழை தானாகக் கழிந்துவிடும். டேப்பை நேராக டயருக்கு டயர் பிடிக்கலாமே என்றால், பின்பக்கம் இன்ஜினும் கியர்பாக்ஸும் குறுக்கே நிற்கும்.

சரியான அளவை உங்கள் காரின் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். பின்சக்கரத்தை இன்ஜின் ஓட்டும் வண்டிகளில் ஓடும்போது முன்சக்கரங்கள் பின்தள்ளப்பட்டு வெளியே திரும்பும் என்பதால் முன்கூட்டியே கொஞ்சம் டோ இன் கொடுப்பார்கள். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் நிலைமை நேர்மாறு என்பதால் பலவற்றுக்குப் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். புத்தகம் மில்லிமீட்டரில் சொல்கிறதா பாகையிலா, மொத்தமா ஒரு சக்கரத்துக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 14 அங்குல ரிம்மில் 0.1 பாகை என்பது 0.6 மில்லிமீட்டர்.

திருத்துவது டை ராட்டில். லாக் நட்டைத் தளர்த்தி, ரப்பர் பூட்டின் கிளிப்பை விட்டுவிட்டு (இல்லையென்றால் பூட் முறுக்கிக்கொண்டு கிழியும்), ராடைத் திருப்ப வேண்டும். ஸ்டியரிங் ராக் அச்சுக்குப் பின்னால் இருந்தால் ராடை நீட்டினால் டோ இன். முன்னால் இருந்தால் தலைகீழ். மரையின் இடைவெளி 1.5 மில்லிமீட்டர், ஸ்டியரிங் ஆர்ம் 12 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், கால் சுற்றுக்கே டயர் ஓரத்தில் 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக மாறும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு பக்கமும் சம அளவு. ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் டோ சரியாகி ஸ்டியரிங் கோணலாகிவிடும். லாக் நட்டைப் புத்தகம் சொல்லும் இறுக்கத்துக்கு முடுக்கி, சற்று ஓட்டி வந்து, மறுபடி அளக்க வேண்டும்.

பின்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷனில் உள்ள கார், லேன் மாறினால் கேமரா பார்த்து எச்சரிக்கும் கார் ஆகியவற்றில் அளப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முதல் வகையில் பின்சக்கரத்தைச் சரிசெய்த பிறகுதான் முன்சக்கரம். இரண்டாவதில் ஸ்டியரிங் கோணத்தை உணரும் சென்சாரையும் கேமராவையும் மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும், அதற்குக் கருவி வேண்டும். கடைக்குப் போகும்போது நீங்கள் எடுத்த அளவைக் கையில் கொண்டு போங்கள். வேலை தொடங்குமுன் மெஷின் காட்டும் முதல் அளவையும் பிரின்ட் கேளுங்கள். இரண்டும் அரை மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனால் அடுத்த முறை மெஷினுக்குப் போகாமலே முடிவெடுக்கலாம்.