சேந்தமங்கலம்: தொழ ஆளில்லாத ஜெபாலயம்!

சேந்தமங்கலம் என்றதும் நாமக்கல் பக்கம் போய்விடாதீர்கள். இது கேரளாவில், வடக்குப் பரவூரை ஒட்டிய கிராமம். கைத்தறிக்குப் பேர்போன ஊர். இங்கே பழமையான யூத ஜெபாலயம் ஒன்று இருக்கிறது. தொழத்தான் யூதர்கள் இல்லை.

வாசலில் ஹீப்ரு எழுத்து பொறித்த ஒரு கல். இஸ்ரேல் என்பவரின் மகள் சாராவின் கல்லறைக் கல் அது. ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த ஹீப்ரு கல்லறைக் கற்களில் இதுதான் மிகப் பழையது என்கிறார்கள்.

உள்ளே அண்ணாந்தால், செதுக்கி வண்ணம் தீட்டிய மரக்கூரை. தோரா வேதம் வாசிக்க இரண்டு மேடைகள். கூடத்தின் நடுவே ஒன்று, மாடியில் ஒன்று. ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் மாடியில்தான் வாசிப்பு. கேரள யூதர்களுக்கே உரிய அமைப்பு இது. அந்த மாடி மேடைக்குப் பின்னால், மரத் தடுப்புக்கு அப்பால் பெண்கள் அமர்வார்கள். வாசிப்பு மேடைக்கு மிக அருகில் இருந்தும், அவர்கள் பார்த்ததெல்லாம் தடுப்பின் இடுக்கு வழியாகத்தான்!

கூட்டு வழிபாட்டுக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேராவது வேண்டும். 1950-களில் குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குக் கிளம்பிவிட, அந்தப் பத்துப் பேருக்கு எங்கே போவது? ஜெபாலயம் பாழடைந்தது. பின்னர் பழுதுபார்த்து, 2006-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

போனால், உள்ளே நுழையும் முன் சாராவின் கல் அருகே ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.