சாவி யார் பையில்?

‘கரெண்ட் இல்லை’ என்ற வாய்ச்சொல்லை நம்பி மின்பலகையில் கை வைப்பவர்கள் உயிரைப் பணயம் வைக்கிறார்கள்.

திருப்பதியிலிருந்து காளஹஸ்தி போகும் சாலையில் இருக்கிறது ஏர்பேடு. 2017 ஏப்ரல் 21 அன்று, மணல் அள்ளுவதை எதிர்த்து முனகலபாளையம் விவசாயிகள் அங்கே காவல் நிலையத்தின் முன் திரண்டிருந்தார்கள். தறிகெட்டு வந்த லாரி ஒன்று மின்கம்பத்தில் மோதிக் கூட்டத்துக்குள் புகுந்தது. சக்கரத்தில் சிக்கி மாண்டவர்கள் சிலர். மின்சாரம் தாக்கி மாண்டவர்கள் சிலர்.

கம்பி அறுந்தால் மின்சாரம் நின்றுவிடும் என்று நம்புகிறோம். நிச்சயமில்லை. காய்ந்த தரையில் விழுந்த கம்பி வழியே பாயும் மின்சாரம், துணை மின்நிலையத்து பிரேக்கரை விழச் செய்யப் போதாமல் போகலாம்.

வழிப்போக்கருக்கு இது என்றோ ஒருநாள் வரும் ஆபத்து. ஆலை எலக்ட்ரீஷியனுக்கோ அன்றாடப் பிழைப்பு. உத்தராகண்ட் மாநிலம் சமோலியில், அலகநந்தா கரையிலிருந்த கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஊழியர் ஒருவர் இறந்துகிடந்தார். 2023 ஜூலை 19 காலை விசாரணைக்குப் போலீசார் வந்தார்கள், ஊராரும் கூடினார்கள். இரும்புத் தடுப்பில் மின்சாரம் பாய்ந்தது. மாண்டவர்கள் 16 பேர். ஒரு சாவு நடந்த இடத்திலேயே சப்ளையைத் துண்டித்துப் பூட்டி வைக்க ஆளில்லை.

மின்வாரிய ஊழியர்களிடம் இதற்கொரு பழைய ஏற்பாடு உண்டு: ‘எல்.சி.’ என்கிற லைன் கிளியர். கம்பத்தில் ஏறுமுன் தன் பெயரில் அதை வாங்குபவர், தானே திருப்பிக் கொடுக்கும்வரை சப்ளை வரக்கூடாது. அந்தக் காலத்து எலக்ட்ரீஷியன்கள் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதும் இதே புத்திதான். ஒழுங்கான ஆலைகளில் இன்று அது பூட்டாகியிருக்கிறது. மெயின் சுவிட்சில் நான்கு பேர் வேலைக்கு நான்கு பூட்டு. அவரவர் சாவி அவரவர் பையில். சூப்பர்வைசரிடம்கூட இல்லை.

பூட்டிய பிறகும் சோதிக்க வேண்டும். ஜெனரேட்டர் வழியாக மின்சாரம் திரும்பி வரலாம். கெபாசிட்டரில் தேங்கியும் நிற்கலாம். இதற்கு நியான் டெஸ்டர் போதாது. அது எரியவில்லை என்றால் டெஸ்டரே பழுதாக இருக்கலாம். மீட்டரை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில், மறுபடி பழைய இடத்தில் என மூன்று முறை பார்ப்பார்கள். பிறகுதான் எர்த் செய்வது.

தொடாமலே கொல்வது இன்னொன்று. மின்பலகைக்குள் ஷார்ட் ஆகி வெடிக்கும் தீப்பிழம்பின் வெப்பம், சூரியனின் மேற்பரப்பு வெப்பத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் போகக்கூடியது. மலிவு என்று பாலியஸ்டர் சீருடை தைத்துக் கொடுக்கும் நிர்வாகங்கள் கவனிக்க: அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

தவறு அதிகம் நேரக்கூடியது ஷிஃப்ட் மாறும் வேளையில்தான். வருகிறவர் தன் பூட்டைப் போட்ட பிறகே, போகிறவர் தன்னுடையதைக் கழற்ற வேண்டும்.