ஓங்கி வளரும் மூட நாற்று

கல்முனைக்குக் கிழக்கே கடல். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். பெரும்போக மழை தலைகாட்டியதும் நம் உழவர் விதைநெல்லைச் சாக்கிலிட்டு ஊறவைத்து, முளைகட்டி, சேற்றில் வீசுவர். சில கிழமைகளில் வட்டை பச்சைப் பட்டு விரித்தாற்போலாகும். அப்பசுமையிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பயிர்கள் ஒரு சாண் உயர்ந்து நின்றால் யார் உள்ளந்தான் பூரியாது? ஆயின் அப்பூரிப்பு நெடுநாள் நில்லாது. உற்று நோக்கினால் அவை மெலிந்து வெளிறியிருப்பதை நாம் காணலாம். பல இளமையிலேயே மடியும். எஞ்சியவை கதிர் ஈன்றாலும் பதரே மிஞ்சும்.

இந்நோயை யப்பானியர் 'பக்கானே' என்றனர்; மூட நாற்று என்பது பொருள். விதையோடு வரும் ஒரு பங்கசுவே இதற்குக் காரணம். நெல் பூக்கும் காலத்தில் காற்றில் வரும் அதன் வித்திகள் கதிரிற் படிந்து மணியைப் பற்றிக்கொள்கின்றன. தாக்கம் கடுமையானால் விதை முளையாமலே அழுகும். குறைந்தால் முளைத்து, மேற்கூறிய பொய் வளர்ச்சி காட்டும்.

பங்கசு பயிரை நலிவிக்கும் என்பது சரி, வளர்ப்பது எங்ஙனம்? தைவானில் பணியாற்றிய எயிச்சி குரோசாவா என்னும் யப்பானிய அறிஞர், பங்கசு வளர்ந்த நீரை வடித்தெடுத்து, பங்கசு சிறிதுமில்லாத அந்நீரை நாற்றுகளுக்கு இட்டார். அவையும் நெடிது வளர்ந்தன! இதனை அவர் 1926-இல் வெளியிட்டார். நீரிற் கலந்திருந்த நஞ்சுக்கு (நஞ்சென்பதா, மருந்தென்பதா?) 1935-இல் யாபுத்தா என்பவர் 'ஜிபரலின்' எனப் பெயரிட்டார். தாவரங்கள் தாமே இப்பொருளை அளவோடு ஆக்கிக்கொள்கின்றன என்பது பின்னரே தெளிவாயிற்று. விதையில்லாத் திராட்சையைப் பருக்கச் செய்ய இன்று தெளிப்பதும் இதனையே.

நம் உழவரின் கவலை வேறு. சூடு மிதித்த களத்து நெல்லையே மறுபோகத்துக்கு விதையாக எடுத்துவைப்போர் பலர். ஊறவைக்கும் நீரில் நோயுற்ற மணியின் வித்திகள் நல்ல மணிகளுக்கும் பரவும். ஒரு பிடி கெட்ட நெல் ஒரு சாக்கையே கெடுக்க வல்லது. புதிய முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்த நீரில் நெல்லைக் கொட்டினால் இலேசான மணிகள் மிதந்துவிடும். அவற்றை நீக்கி, மூழ்கியவற்றை நன்னீரில் நன்கு அலச வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளை கெடும். எனினும் கனத்த மணியிலும் பங்கசு ஒளிந்திருக்கலாம். அதற்காக யப்பானில் உலர்ந்த விதையை 60 பாகை செல்சியசு வெந்நீரில் 10 நிமிடம் அமிழ்த்தி, உடனே குளிர்நீரில் ஆற்றுகின்றனர். சூடு மிகுந்தால் முளையே போய்விடும். குத்துமதிப்பு இங்கு உதவாது.

வயலில் உயர்ந்து நிற்பவற்றை வேரோடு பிடுங்கி எரிப்பதே வழி. பார்க்க அழகாயிருக்கிறதே என்று விட்டுவைத்தால், அவற்றின் தாளில் உண்டாகும் வித்திகள் அண்டை வயலின் நெற்பூவையும் தேடிச் செல்லும்.